ஏழாவது துளை

மூன்று நாளாக நாங்கள் பேசவில்லை.
இன்றிரவு எண்கள் மட்டும்.

வெளியே கியூம்ரி மைனஸ் பதினாறில் உறைந்து கிடக்கிறது.
ஷெட்டுக்குள் டீசல் ஹீட்டர்,
வாய் பிளந்த லாடா நீவா,
கவிழ்த்த பெட்டிமேல் கையேட்டோடு ஸாவேன்.
அவன் எண்ணைச் சொல்வான். நான் முறுக்குவேன்.

"ஒன்று."
நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
மூலைகளை முதலில் இறுக்கினால் நடுவில் உப்பிக்கொள்ளும்,
நான்கு முனையும் செருகிய பிறகு
சுருக்கத்தைக் காட்டும் படுக்கைவிரிப்பு மாதிரி.
"இரண்டு." எதிர்ப்பக்கம்.
"மூன்று." குறுக்கே.

முதல் சுற்றில் நான்கு கிலோ. சும்மா, அறிமுகத்துக்கு.
இரண்டாம் சுற்றில் பதினோரு கிலோ.
அப்போதுதான் இரும்பு நீளும், மயிரிழை அளவு.
நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும்.
அந்த இழுப்புதான் எஞ்சின் தலையைப் பிடித்து வைத்திருக்கிறது.
அதை ஏக்கம் என்று யாராவது கவிதை எழுதிக்கொள்ளட்டும்.
எனக்கு அது பதினோரு கிலோ.

ரென்ச் டக் என்றதும் நிறுத்த வேண்டும்.
இன்னும் கொஞ்சம் என்று கை கேட்கும்.
கொடுக்கக் கூடாது.

செவ்வாய்க்கிழமை நான் கொடுத்தேன்.
சரத்தோவில் கட்டட வேலை, மார்ச்சில் கிளம்புகிறேன் என்றான்.
போன வருஷமும் போனாய், முந்தின வருஷமும் போனாய்
என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.
உனக்கு மரை கழன்றுவிட்டது என்றேன்.
உன் அப்பாவுக்கும், என்றேன்.
கையிலிருந்த துணியை எறிந்துவிட்டு
முறுக்கிக்கொண்டு போனான்.

"நான்கு."
கால் சுற்று. டக்.
"ஐந்து."
கால் சுற்று. டக்.
"ஆறு." அதேதான்.
"ஏழு."
டக்.

உடனே.
கை நகரவே இல்லை.
மணிக்கட்டில் ஒரு சந்தேகம் ஏறியது,
அதை அங்கேயே விட்டுவிட்டு
எட்டுக்காகக் குனிந்து நின்றேன்.
எட்டு வரவில்லை.

ஹீட்டர் இரைந்தது.
"எட்டைச் சொல்."
"ஏழு," என்றான்.
"டக் கேட்டதே."
"கேட்டது. சீக்கிரமாகக் கேட்டது."
கையேட்டை மூடி முழங்காலில் வைத்தான்.
"துளைகளில் எண்ணெய் நின்றது.
அன்றைக்கு ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்."
கொஞ்சம் பொறுத்து,
"ஆறு வரைக்கும் துடைத்தேன்."

எண்ணெய் நசுங்காது.
துளையின் அடியில் அது தேங்கியிருந்தால்
போல்ட் அதன்மேல் உட்கார்ந்துகொண்டு
இறுகிவிட்டேன் என்று பொய் சொல்லும்.
ரென்ச் அதை நம்பும்.
இன்னும் வற்புறுத்தினால்
பிளாக்கே வெடித்தாலும் வெடிக்கும்.

பிறகு அவன் பின்னாலிருந்து எண்ணினான்.
பத்து, ஒன்பது, எட்டு.
கழற்றுவதற்கும் வரிசை உண்டு,
கையேட்டைத் திறக்காமலே சொன்னான்.
ஒவ்வொன்றும் விடும்போது ஒரு முனகல்,
ஏழைத் தவிர.

தலையைத் தூக்கினோம்,
அவன் ஒரு முனை, நான் ஒரு முனை.
"மெதுவாக, விரல்," என்றான். என் விரலைத்தான்.

ஊசி போடும் சிரிஞ்சை ஏழாவது துளைக்குள் விட்டு உறிஞ்சினான்.
கறுப்பாக ஒரு தேக்கரண்டி.
பல்புக்கு நேரே பிடித்துக் காட்டினான்,
ரத்தப் பரிசோதனைக்காரன் போல.
அவன் மன்னிப்பு என்று சொல்லவில்லை.
நான் அவன் அப்பாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.
எட்டு, ஒன்பது, பத்தை நான் துடைத்தேன்.

கேஸ்கெட் ஒருமுறைதான் நசுங்கும்.
இது தீர்ந்தது, வேறு வாங்க வேண்டும்.
வார்துஹியின் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்,
கடன் தரமாட்டாள்.

பக்கவாட்டில் பதினோராவதாக ஒரு போல்ட் உண்டு.
சின்னது. அதற்கு வேறு சாவி.
பத்தும் முடிந்த பிறகுதான் அதன் முறை வரும்,
அதற்குள் பாதிப் பேர் அதை மறந்திருப்பார்கள்.
அதைத் துடைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"தொலைத்துவிடாதே."
பையைத் தட்டிக் காட்டினான்.

மார்ச்சுக்கு ஐந்து வாரம் இருக்கிறது.
ஹீட்டரை அணைத்தேன்.